கேட்பவர் முடித்துவைக்கும் அடி: முஷாயராவும் கவி சம்மேளனும்

வட இந்தியாவின் கவிதை மேடைகளில் கவிஞர் முதல் அடியை ஒரே தடவையில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவதில்லை. அதை இரண்டு முறை, கூட்டம் சூடேறியிருந்தால் மூன்று முறைகூடச் சொல்வார். முன்வரிசையில் இருப்பவர்கள் அதே அடியைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்வார்கள். உருதுவில் இதற்கு ‘மிஸ்ரா உட்டானா’, அதாவது அடியைத் தூக்கிக் கொடுப்பது என்று பெயர். இந்த இடைவெளியில் இரண்டாம் அடி எப்படி வரும் என்று கூட்டம் முழுவதும் மனத்திற்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். கவிஞர் அதைச் சொல்லத் தொடங்கியதும், கடைசிச் சொல்லைப் பல நேரங்களில் அவருக்கு முன்னால் கூட்டமே சொல்லி முடித்துவிடும். உருதுக் கவியரங்கமான முஷாயராவையும் இந்திக் கவியரங்கமான கவி சம்மேளனையும் இரு சமூகங்களுக்குரிய இரு தனி மரபுகளாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இந்தச் சிறிய இடைவெளியைத்தான்.

கசல் என்ற வடிவம் இதற்கென்றே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. ஒவ்வொரு ஈரடியும் ஒரு ‘ஷேர்’. பொருளில் தனித்து நிற்கும். ஆனால் எல்லா ஷேர்களின் முடிவிலும் மாறாத ஒரு சொல்லோ சொற்றொடரோ வரும், அது ‘ரதீஃப்’. அதற்கு முன்னால் ஒலி ஒத்த சொற்கள் மாறி மாறி வரும், அவை ‘காஃபியா’. ‘மத்லா’ எனப்படும் தொடக்க ஷேரில் இரண்டு அடிகளும் இவற்றைக் கொண்டு முடிவதால், கேட்பவர் கையில் முதலிலேயே சாவி கொடுக்கப்பட்டுவிடுகிறது. தமிழில் இதை விளங்கிக்கொள்ள, கசலின் சந்தக் கணக்கைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, இப்படி ஒரு மத்லாவைக் கட்டிப் பார்க்கலாம்:

வீதியெல்லாம் விளக்கணைந்தும் ஒரு திண்ணை எரிகிறது இன்னும்;
நீ போன திசை எதுவென்று அதற்குத்தான் தெரிகிறது இன்னும்.

‘இன்னும்’ என்பது ரதீஃப், ‘எரிகிறது’, ‘தெரிகிறது’ என்பவை காஃபியா. அடுத்த ஷேரின் முதல் அடிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை: ‘ஊர்மாறிப் போனவர்கள் ஒருநாளும் திரும்பவில்லை’ என்று கவிஞர் சொல்லி நிறுத்துகிறார். ‘-ரிகிறது இன்னும்’ என்றுதான் முடியவேண்டும் என்பது கூட்டத்திற்குத் தெரியும். எந்தச் சொல் என்பதுதான் தெரியாது. ‘அடைக்காத சன்னல்வழி ஆகாயம் வி...’ என்று அவர் வாயெடுக்கும்போதே ‘விரிகிறது இன்னும்’ என்று பின்வரிசையிலிருந்து குரல் எழும். எழுதப்படிக்கத் தெரியாத ஒருவரும் இந்த விளையாட்டில் கலந்துகொள்ளலாம். நல்ல கவிஞர் செய்வதெல்லாம், கூட்டம் எதிர்பார்த்த ஒலியை, எதிர்பாராத பொருளோடு கொடுப்பது. கடைசி ஷேரான ‘மக்தா’வில் அவர் தம் புனைபெயரை வைத்து முத்திரையிடுவார், அந்தப் புனைபெயருக்குத் ‘தகல்லுஸ்’ என்று பெயர்.

பாராட்டுக்கும் இங்கே ஓர் இலக்கணம் உண்டு. ‘வாஹ் வாஹ்’ எல்லோரும் அறிந்தது. இன்னொரு முறை கேட்க விரும்பினால் ‘முகர்ரர்’ என்பார்கள். கவிஞர் தயங்கினால் ‘இர்ஷாத்’, அருளுங்கள் என்று ஊக்குவார்கள். இந்தப் பாராட்டு மொத்தத்திற்கும் ‘தாத்’ என்று பெயர். கவிஞர் நெற்றிக்குக் கைதூக்கி ஆதாப் என்ற வணக்கம் சொல்லி அதைப் பெற்றுக்கொள்வார். பழைய முஷாயரா ஒழுக்கத்தில் கைதட்டலுக்கு இடமில்லை. அது பின்னாளில், பெருந்திடல்களோடு வந்து சேர்ந்தது. மோசமான கவிதைக்கு அமைதியே தண்டனையாக இருந்த காலமும் உண்டு. இப்போது அதற்கு ‘ஹூட்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லையே இரு மொழிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். ஒரே கவிஞர் அன்றிரவுக் கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டால் ‘முஷாயரா லூட் லியா’ என்பார்கள்: கூட்டத்தையே கொள்ளையடித்துக்கொண்டு போய்விட்டார் என்று.

18ஆம் நூற்றாண்டின் டெல்லியில் இந்தக் கூட்டங்கள் வீடுகளுக்குள் நடந்தன. அப்போது பாரசீகமே மதிப்புள்ள இலக்கிய மொழி. முஷாயரா என்றால் பாரசீகக் கவிதைதான். ‘ரேக்தா’ என்று அழைக்கப்பட்ட, பிற்காலத்தில் உருது என்று பெயர்பெற்ற ஊர்ப்பேச்சு மொழியில் பாடியவர்கள் தங்கள் கூட்டத்திற்கு ‘முராக்தா’ என்று வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சூஃபியான க்வாஜா மீர் தர்தின் இல்லத்தில் மாதந்தோறும் நடந்த அத்தகைய கூட்டம் பின்னர் மீர் தகீ மீரின் வீட்டுக்கு மாறியது. உயர்ந்த மொழியின் கூட்டத்தைப் பார்த்து மக்கள்மொழிக்காரர்கள் தொடங்கிய கூட்டம், அந்த உயர்ந்த மொழியையே மேடையிலிருந்து ஓரங்கட்டிவிட்டது என்பது நினைவில் வைக்கத் தக்கது. அடுத்த நூற்றாண்டுகளில் இந்தியும் உருதுவைப் பார்த்து ஏறத்தாழ இதையே செய்ய முயன்றது. ஆனால் முடிவு வேறுவிதமாக அமைந்தது.

அந்தக் கூட்டங்களின் ஒழுங்கு கடுமையானது. வட்டமாக அமர்ந்திருப்பவர்களில் யார் முன் விளக்கு, அதாவது ‘ஷமா’, வைக்கப்படுகிறதோ அவர் பாட வேண்டும். இளையவர்கள் முதலில், மூத்தவர்கள் கடைசியில். ‘சத்ர்’ எனப்படும் தலைவர் எல்லோருக்கும் பின்னால். பல கூட்டங்களில் முன்கூட்டியே ஒரு அடி அறிவிக்கப்படும். அதற்குத் ‘தரஹ்’ என்று பெயர். வருகிற ஒவ்வொருவரும் அந்த அடியின் சந்தத்திலும் ரதீஃபிலும் காஃபியாவிலும் புதுக் கசல் எழுதிக்கொண்டு வர வேண்டும். நம்மிடம் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்களே, அதற்கு உறவினன் என்று கொள்ளலாம். ஒரே ஒலிக்கூட்டில் பத்துப் பதினைந்து பேர் பாடும்போது யார் கைத்திறன் எவ்வளவு என்பது கேட்பவருக்கு ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடும். லக்னோவில் முஸ்ஹஃபி, இன்ஷா என்ற இரு கவிஞர்களுக்கு இடையே மூண்ட போட்டி வசைக் கவிதைகளாகித் தெருவில் ஊர்வலம்வரை போனது. இந்த மரபைப் பண்பாட்டின் மென்மைக்கு மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுவது வழக்கம்.

உருதுவின் பெருங்கவிஞர் காலிபும் தப்பவில்லை. கவிதையில் பாரசீகச் சிக்கல்களைப் புகுத்துகிறார் என்ற முணுமுணுப்பு நெடுநாள் இருந்தது. ஒரு முஷாயராவில் ஹக்கீம் ஆகா ஜான் ‘ஐஷ்’ என்ற மருத்துவக் கவிஞர் எழுந்து, மீரின் கவிதை விளங்கிற்று, சௌதாவின் கவிதை விளங்கிற்று, இவர் சொல்வதோ இவருக்கு விளங்க வேண்டும், இல்லையேல் கடவுளுக்கு விளங்க வேண்டும் என்ற கருத்தில் அவர் எதிரிலேயே பாடியதாக உருதுக் கவிதை வரலாற்றை எழுதிய முகம்மது ஹுசைன் ஆசாத் சொல்லியிருக்கிறார். தாளில் மட்டும் வாழும் கவிஞருக்கு இந்த ஆபத்து இல்லை. காதால் கேட்டவுடன் பிடிபட வேண்டும் என்ற நெருக்கடி உருது கசலின் சொல்லாட்சியைப் பேச்சு வழக்கோடு கட்டிவைத்தது. அது காலிப் போன்ற ஒருவருக்குத் தொல்லையாக இருந்திருக்கலாம், மொழிக்கு அது நன்மையே.

1857இல் டெல்லி வீழ்ந்து, கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் நாடுகடத்தப்பட்டபோது செங்கோட்டை முஷாயராவும் முடிந்தது. கவிஞர்கள் ராம்பூருக்கும் ஹைதராபாத்துக்கும் சென்றார்கள்; தாக் தெஹ்லவி இரண்டிலும் வாழ்ந்தார். 1874இல் லாகூரில் பஞ்சாப் கல்வித்துறை இயக்குநர் கர்னல் ஹால்ராய்டின் ஆதரவோடு ஆசாத் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார்: அடிக்குப் பதிலாகத் தலைப்பைக் கொடுப்பது. மழைக்காலம், நம்பிக்கை, நாட்டுப்பற்று என்று தலைப்புகள் வந்தன. கவிஞர் ஹாலி மழைக்காலத்தைப் பற்றிப் பாடியது இந்தக் கூட்டங்களுக்காகத்தான். தலைப்புக் கவியரங்கம் என்று தமிழ் மேடைகளில் நாம் அறிந்திருப்பதன் வடநாட்டு உறவு இது.

இந்திப் பக்கத்தில் கதை ‘சமஸ்யா பூர்த்தி’யிலிருந்து தொடங்குகிறது. ஒரு தொடரைக் கொடுத்து, அது கடைசியில் வரும்படி, இந்தியின் பழைய இலக்கிய வழக்கான பிரஜ் மொழியில் கவிதை கட்டச் சொல்வது இது. தரஹ் முஷாயராவின் வேலையையே வேறு யாப்பில் செய்தது. பனாரஸில் பாரதேந்து ஹரிச்சந்திரர் 1870 வாக்கில் இதற்கென ஒரு கவிதைச் சபையை நடத்தினார். நவீன இந்தியின் தந்தை என்று போற்றப்படும் அவரே ‘ரஸா’ என்ற தகல்லுஸோடு உருது கசல்களும் எழுதினார். இந்தி, உருது எழுத்துச் சண்டையில் இந்தியின் நாகரி எழுத்துக்காக வாதாடியவரும் அவர்தான். இந்த முரணைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. சண்டை அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் எந்த எழுத்து ஆள வேண்டும் என்பது பற்றியது. 1893இல் பனாரஸில் நாகரி பிரசாரிணி சபா தோன்றியதும், 1900இல் வடமேற்கு மாகாண அரசு (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) நீதிமன்றங்களில் நாகரிக்கும் இடமளித்ததும் அதன் மைல்கற்கள். அலுவலக வேலையை யார் பெறுவது என்ற கேள்வி அதனுள் இருந்தது. மாலையில் காதுக்கு எது இனிக்கிறது என்பது வேறு கேள்வி.

‘கவி சம்மேளன்’ என்ற பெயரோடு மேடை பரவியது காங்கிரஸ் இயக்கமும் இந்திப் பிரசாரமும் கைகோத்த ஆண்டுகளில். இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா அலகாபாத்தில் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது அத்தகைய கூட்டங்களுக்குப் போய்ப் பரிசுகள் வாங்கியதைப் பற்றிப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒரு முறை வேலைப்பாடு அமைந்த வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. நேரு குடும்பத்தின் ஆனந்த பவனுக்கு வந்திருந்த காந்தியிடம் அதைக் காட்டப் போனார். ‘இதைத் தருகிறாயா’ என்று கேட்டு அவர் வாங்கி வைத்துக்கொண்டார். கிண்ணம் போனதைவிட, எந்தக் கவிதைக்குக் கிடைத்தது, அதைச் சொல் என்று அவர் கேட்கவில்லையே என்பதுதான் சிறுமிக்குக் குறை. அந்தக் காலத்து மேடைக்கும் அரசியலுக்கும் இருந்த உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. கவி சம்மேளனை நாட்டுப் பணியாகப் பார்த்தவர்கள் கவிதையைக் கேட்க மறந்த நேரங்கள் பல.

ஆனால் 1933இன் இறுதியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மேடையில் ஹரிவன்ஷ்ராய் பச்சன் ‘மதுசாலா’ (மதுக்கடை) என்ற தம் கவிதைநூலின் பாடல்களைப் பாடியபோது மாணவர்கள் கேட்க மறக்கவில்லை, மீண்டும் மீண்டும் கேட்டார்கள். மாளவியா நிறுவிய, இந்தியின் கோட்டையாகக் கருதப்பட்ட இடம் அது. அங்கே கூட்டத்தை ஆட்டிவைத்த வடிவம் பாரசீகத்தின் ருபாயி: முதல், இரண்டாம், நான்காம் அடிகள் இயைபு கொள்ள, மூன்றாம் அடி விலகி நிற்கும் நாலடிப் பாடல். பொருளும் மதுக்கடை, கிண்ணம், மது ஊற்றுபவள் என்று முழுவதும் அந்த மரபினது. 135 பாடல்களும் ‘மதுசாலா’ என்ற ஒரே சொல்லில் முடிகின்றன. முஷாயராவில் பழகிய காது அதை ரதீஃப் என்று உடனே அடையாளம் கண்டுகொள்ளும். சொற்கள் மட்டும் சமஸ்கிருதம் கலந்த இந்தி. கவி சம்மேளனின் மிகப் பெரிய வெற்றி, முஷாயராவின் இயந்திரத்தால் கிடைத்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை.

பச்சன் பிற்பாடு அலகாபாத் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் ஆசிரியரானார். அதே துறையில் கற்பித்துக்கொண்டிருந்தவர் ரகுபதி சஹாய். உருது உலகம் அவரை ஃபிராக் கோரக்புரி என்று அறியும். 1969ஆம் ஆண்டின் ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. இருவரும் காயஸ்தர்கள். முகலாயர் காலந்தொட்டு எழுத்தர், கணக்கர் வேலை பார்த்துவந்த அச்சமூகத்தில் பாரசீகமும் உருதுவும் பிழைப்புக்கான கல்வி. சமயத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. காஷ்மீர பண்டிதர்களிடமும் பஞ்சாபின் கத்ரிகளிடமும் இதே நிலைதான். பண்டிதரான சக்பஸ்த் ராமாயணக் காட்சியை உருதுவில் பாடியதும், டெல்லி முஷாயராக்களின் தூணாக விளங்கிய குன்வர் மொஹிந்தர் சிங் பேதி ‘சஹர்’ என்ற சீக்கிய அதிகாரி நபிகளைப் போற்றி உருகியதும் இந்தப் பின்னணியில் இயல்பானவை. இவற்றை ஒற்றுமைக்கான சான்றிதழ்களாக மேடையில் அடுக்கும் பேச்சாளர்களைக் கண்டால் எனக்குச் சற்று அலுப்பாக இருக்கும். அந்தக் கவிஞர்கள் ஒற்றுமையை மெய்ப்பிக்கப் பாடவில்லை, கையிலிருந்த மொழியில் பாடினார்கள்.

இந்தியையும் உருதுவையும் எழுத்துதான் பிரிக்கிறது, அடித்தளமான பேச்சு ஒன்று என்பது மொழியியலார் நெடுங்காலமாகச் சொல்வது. இந்த உண்மையை நூலகத்தில் உணர முடியாது. அங்கே இரண்டும் வெவ்வேறு அலமாரிகள். மேடையில் எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அது அங்கே இயல்பாகவே நிலைபெறுகிறது. இந்திக் கவிஞர் துஷ்யந்த் குமார் 1975இல், நெருக்கடிநிலை ஆண்டில், நாகரி எழுத்தில் கசல் தொகுப்பை வெளியிட்டபோது உருதுப் புலவர்கள் ஒரு குறை கண்டார்கள்: நகரத்தைக் குறிக்கும் சொல் ‘ஷஹ்ர்’, நீங்கள் ‘ஷஹர்’ என்று அசை நீட்டிச் சந்தத்தில் வைக்கிறீர்கள் என்று. தமக்கு அந்த வேறுபாடு தெரியாமலில்லை, இந்தியில் மக்கள் சொல்கிறபடியே வைத்தேன் என்று அவர் முன்னுரையில் விளக்கினார். இரு மொழிகளும் தத்தம் சிம்மாசனங்களிலிருந்து இறங்கிச் சாதாரண மனிதனிடம் வரும்போது அவற்றைப் பிரித்தறிவது கடினம் என்ற கருத்தையும் அங்கேயே சொன்னார். அவருடைய ஈரடிகளை இன்று ஆர்ப்பாட்டங்களிலும் நாடாளுமன்றத்திலும் எடுத்தாள்பவர்கள் அவற்றை இந்தி என்றோ உருது என்றோ எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று உத்தரப் பிரதேசத்தின் பொருட்காட்சிகளில், ‘நுமாயிஷ்’ என்று அங்கே சொல்வார்கள், ஓர் இரவு முஷாயரா, இன்னோர் இரவு கவி சம்மேளன் என்று நிகழ்ச்சிநிரல் இருக்கும். அலிகர் நுமாயிஷ் இதற்குப் பேர்போனது. டெல்லியில் குடியரசு நாளை ஒட்டி இரண்டும் நடக்கும். பல சிற்றூர்களில் ‘கவி சம்மேளன் மற்றும் முஷாயரா’ என்று ஒரே சுவரொட்டியில் போட்டு ஒரே மேடையில் முடித்துவிடுவார்கள். தொடக்கத்தில் ஒன்றில் சரஸ்வதி வந்தனை, மற்றதில் நபிப் புகழ்ச்சி. கலப்பு மேடையில் இரண்டும் உண்டு. முஷாயராவில் கசல் ஆட்சி செய்யும். கவி சம்மேளனில் கீத் எனப்படும் இசைப்பாடல், வீரச்சுவை, நகைச்சுவை மூன்றும் ஆளும். நகைச்சுவைக் கவிஞர் காகா ஹாத்ரசியின் காலத்திலிருந்து நகைச்சுவைக்குத் தனி நாற்காலி நிரந்தரமாகிவிட்டது. முஷாயராவின் ‘தரன்னும்’, அதாவது இசைத்துப் பாடுவது, ஜிகர் முராதாபாதியின் குரலால் பெரும் வேட்கையாக மாறியது. இந்திக் கவிஞர் நீரஜ் கவி சம்மேளனில் அந்த இடத்தைப் பிடித்தார். பாடலாசிரியர்கள் மஜ்ரூஹ் சுல்தான்புரியையும் ஷகீல் பதாயுனியையும் மும்பைத் திரையுலகம் கண்டெடுத்தது முஷாயரா மேடையில்தான்.

வெளியே தெரியும் வேறுபாடுகள் இவை. உள்ளே, தொகுப்பாளரின் கலை இரண்டிற்கும் ஒன்று. உருதுவில் அவர் ‘நாஜிம்’, இந்தியில் ‘சஞ்சாலக்’. யாரை எப்போது அழைப்பது, சரிந்த கூட்டத்தை எந்தக் குரலால் நிமிர்த்துவது, முந்தியவர் கொள்ளையடித்துப் போன மேடையில் அடுத்தவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. லக்னோவின் மலிக்ஜாதா மன்சூர் அகமது, பகவத்கீதையை உருதுக் கவிதையாக்கிய அன்வர் ஜலால்புரி ஆகியோர் கவிஞர்களாக மட்டுமன்றி இந்தக் கலைக்காகவும் நினைக்கப்படுகிறார்கள்.

பொதுமரபு என்பதால் அது யாரையும் காக்கும் அரண் என்று பொருளாகாது. மேடைகளின் செல்லக் கவிஞரான பஷீர் பத்ரின் மீரட் வீடு 1987 கலவரத்தில் எரிந்தது, கைப்பிரதிகளும் அழிந்தன. அதன்பின் அவர் போபாலுக்குக் குடிபெயர்ந்தார். வீடு ஒன்று கட்டுவதிலேயே மனிதர் உடைந்துபோகையில் குடியிருப்புகளையே எரிக்க மனம் எப்படி வருகிறது என்று கேட்கும் அவருடைய ஷேரை அறியாத முஷாயராப் பித்தர் வட இந்தியாவில் அரிது. அதற்குக் கைதட்டும் கூட்டம் எல்லாச் சமூகத்தாரும் கலந்தது. அவர் வீட்டை எரித்தவர்களும் அதே நகரத்தார். கேட்கும் பழக்கம் ஒருவரைக் கலவரத்திலிருந்து தடுத்துவிடும் என்று நம்புவது கவிதைமேல் ஏற்றும் அநியாயச் சுமை.

பணமும் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. சன்மானத்தை உறையில் வைத்துக் கொடுப்பதால் அதற்கு ‘லிஃபாஃபா’ என்றே பெயர். உறையின் கனம் கூடக்கூட, ஒரே நான்கு ஷேர்களை ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சொல்பவர்களும், அண்டை நாட்டைத் திட்டினால் தட்டல் நிச்சயம் என்று கண்டுகொண்டவர்களும் பெருகினார்கள். இதனால் ‘மேடைக் கவிஞர்’ என்பது இந்தி இலக்கிய இதழ்களில் ஏறத்தாழ வசைச்சொல். மகாதேவி போன்றோர் பிற்பகுதியில் மேடையிலிருந்து விலகியே நின்றார்கள். பெண் கவிஞர்களைக் கவிதைக்காக அழைக்காமல் குரலுக்காகவும் தோற்றத்துக்காகவும் அழைக்கும் வழக்கமும், அதை ஒட்டிய தொகுப்பாளர்களின் கேலிப் பேச்சும் இரு மேடைகளுக்கும் பொதுவான இழிவு. பகிர்ந்துகொள்ளப்பட்ட மரபில் குறைகளும் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன.

தமிழகத்திற்கு இது முற்றிலும் வெளியூர்ச் செய்தியுமன்று. கர்நாடகத்தின் (ஆற்காட்டு) கடைசி நவாபான குலாம் முகம்மது கௌஸ் கான், ‘ஆஜம்’ என்ற புனைபெயரில் எழுதியவர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையில் முஷாயரா நடத்தினார். பாலாற்றங்கரையில் வாணியம்பாடியில் உருதுக் குடும்பங்கள் இன்றும் முஷாயரா கூட்டுகின்றன. தமிழில் கசல் எழுதிப் பார்த்த கவிக்கோ அப்துல் ரகுமான் அந்த ஊரின் இசுலாமியாக் கல்லூரியில்தான் நெடுங்காலம் தமிழ் கற்பித்தார். அவர் கசலை எடுத்துக்கொண்டபோது ரதீஃப், காஃபியாவின் கட்டுக்கோப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு உணர்வை மட்டும் கொண்டுவந்தார். கூட்டம் முடித்துவைக்கும் அந்த இடைவெளி தமிழ்க் கசலுக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வடக்கில் இப்போது ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. முஷாயராவுக்கு வருவோரில் பெரும்பாலோருக்கு உருது எழுத்து வாசிக்க வராது. உருதுக் கவிஞர்கள் வசீம் பரேல்வி, முனவ்வர் ரானா, ராஹத் இந்தோரி ஆகியோரின் நூல்கள் நாகரி எழுத்தில் விற்பனையாகின்றன. உருது இலக்கியத்துக்கான ரேக்தா அறக்கட்டளையின் இணையதளம் 2013 முதல் ஒரே கசலை உருது, நாகரி, உரோமன் எழுத்துகளில் தருகிறது. உருதுவின் எழுத்து தேய்வதைக் கண்டு கவலைப்படுபவர்களின் கவலை நியாயமானது. எழுத்து போனால் மீரின் கைப்பிரதியை வாசிக்க ஆள் இருக்காது. மேடையோ அதைக் கண்டுகொள்ளாமல் நடந்துகொண்டிருக்கிறது. இளம் கவிஞர்கள் கைப்பேசியில் நாகரியில் எழுதிவைத்த கசலைப் பார்த்து, ஆதாப் சொல்லி, முதல் அடியை இரண்டு முறை சொல்கிறார்கள்.

தலைவர் கடைசியில்தான் பாட வேண்டும் என்ற பழைய விதி மட்டும் இரு மேடைகளிலும் மாறவில்லை. அவர் முறை வரும்போது பெரும்பாலும் பொழுது விடியப் போகும். நகைச்சுவைக்கும் இசைக்கும் வந்தவர்கள் எழுந்து போயிருப்பார்கள், தேநீர்க் கடைக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். மிச்சமிருக்கும் ஐம்பது அறுபது பேர் நாற்காலிகளை விட்டு மேடைக்கு அருகில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். முதியவர் ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு முதல் அடியைச் சொல்வார். அவர்கள் அதைத் தூக்கிக் கொடுப்பார்கள்.